‘போலீஸ் நிக்குது, பெல்ட்டைப் போடு’: சீட் பெல்ட் பற்றி ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி, டாக்ஸி ஓட்டுநர்களுக்குப் புத்தாக்க வகுப்பு எடுப்பது என் வேலை. பிரேக், டயர், தூக்கம் என்று பேசும்வரை அமைதியாக இருப்பவர்கள், சீட் பெல்ட் என்றதும் வாய் திறப்பார்கள். சிலர் சண்டைக்கே வருவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சைக் கொஞ்சம் சீர்படுத்தியதோடு சரி, கேள்வியை மாற்றவில்லை.

பெல்ட் நல்லது என்று எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் எதற்கு வகுப்பு?

தெரியும்தான். யாருக்கு நல்லது என்பதில்தான் குழப்பம். ஒருமுறை திருச்செங்கோட்டிலிருந்து ஈரோட்டுக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி இரண்டு முறை லைட் அடித்துவிட்டுப் போனது. எங்கள் டிரைவர் பேச்சை நிறுத்தவேயில்லை. இடது கையால் வலது தோள் பக்கமிருந்த பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, அதன் நாக்கைப் பக்கிளில் மாட்டாமல் இடது தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். வளைவைத் தாண்டியதும் இரண்டு காவலர்கள். பார்த்தார்கள், விட்டுவிட்டார்கள். நூறு மீட்டர் போனதும் தொடையை லேசாகத் தூக்கினார். பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடிவிட்டது.

இவ்வளவு தூரம் இழுத்தவர் இன்னும் இரண்டு அங்குலம் இழுத்திருந்தால் மாட்டியே இருக்கலாம். கேட்டேன். “அவங்களுக்குத் தெரிஞ்சா போதும் சார்” என்றார்.

நம் ஊரில் பெல்ட், ஆர்சி புத்தகம், இன்சூரன்ஸ், லைசென்ஸ் வரிசையில் சேர்ந்துவிட்டது. கேட்டால் காட்ட வேண்டிய பொருள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் அதற்கு வேலையில்லை. 2017-இல் மாருதி சுசுகி நிறுவனம் 17 நகரங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. ஒழுங்காக பெல்ட் போடுபவர்கள் 25 சதவீதம் பேர்தான் என்று அதில் தெரிந்தது. பின்சீட்டில் 4 சதவீதம். ஏன் போடுவதில்லை என்ற கேள்விக்குப் போலீஸ் கெடுபிடி இல்லை என்பது முதல் காரணமாக வந்தது. போட்டால் கெத்து குறைகிறது, சட்டை கசங்குகிறது என்றும் நாலில் ஒருவர் அளவுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் சிரிக்கவில்லை. கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணின வெள்ளைச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போகிறவரின் கவலை எனக்கும் தெரியும்.

ஊருக்குள் 50-க்கு மேல் போவதில்லை. அந்த வேகத்துக்கு எதற்கு பெல்ட்?

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி சுவரில் மோதுவதும், மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதும் உங்கள் உடம்புக்கு ஒன்றுதான். கணக்குப் போட்டால் ஏறக்குறைய பத்து மீட்டர் உயரம் வரும். 60 என்றால் நான்கு மாடிக்கு மேல். 80 என்றால் எட்டு மாடி. மூன்றாவது மாடி மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவரில் உட்காரச் சொன்னால் யாராவது உட்காருவோமா?

வண்டி நிற்கும்போது நீங்கள் நிற்பதில்லை. அதே 50-இல் முன்னால் போய்க்கொண்டே இருப்பீர்கள். ஸ்டியரிங்கோ கண்ணாடியோ டேஷ்போர்டோ உங்களை நிறுத்தும். பெல்ட் செய்வது ஒன்றுதான்: வண்டியின் முன்பகுதி நசுங்கும் அந்த அரை மீட்டருக்கு உங்களையும் வண்டியோடு சேர்த்துப் பிடித்து மெல்ல நிறுத்துகிறது. ‘மெல்ல’ என்று சொன்னாலும் அதுவும் கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் இடி விழுவது இடுப்பெலும்பிலும் தோளெலும்பிலும் நெஞ்சுக்கூட்டிலும். உடம்பில் கெட்டியான இடங்கள் அவை. ஸ்டியரிங் அப்படி இடம் பார்த்து இடிக்காது.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தாங்காதா?

தாங்காது. கொஞ்சம் முன்னால் சொன்ன 50 கிலோமீட்டர் மோதலில் உங்கள் எடை ஏறத்தாழ இருபது மடங்காகிவிடுகிறது. 70 கிலோ ஆள் என்றால் 1,400 கிலோ. ஒரு சின்னக் காரையே கையால் தடுத்து நிறுத்துவது மாதிரி. கை மடங்கிவிடும், இல்லை முறிந்துவிடும்.

குழந்தை அழுகிறது, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினால் என்ன?

வகுப்பில் நான் குரல் உயர்த்துவது இந்த ஒரு கேள்விக்குத்தான். மேலே சொன்ன கணக்கைக் குழந்தைக்கும் போட்டுப் பாருங்கள். பத்து கிலோ குழந்தை அந்த நொடியில் இருநூறு கிலோ. நான்கு சிமெண்ட் மூட்டை. எந்த அம்மாவின் பிடியும் அதைத் தாங்காது, அன்பு குறைவு என்று அர்த்தமில்லை. ஓட்டுநரின் மடியில் இருந்தால் இன்னும் மோசம்: முன்னால் ஸ்டியரிங்கும் அதிலிருந்து வெடித்து வரும் ஏர்பேக்கும், பின்னால் உங்கள் உடம்பு, நடுவில் குழந்தை. ஒரே பெல்ட்டை அம்மாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போடுவதும் இதே கதைதான்.

14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் வந்தால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. குழந்தை இருக்கை வாங்கும் வசதி எல்லாருக்கும் இல்லை என்பது உண்மை. அப்போது பின்சீட்டுக்குக் கொண்டுபோங்கள், உட்காரும் வயதென்றால் பெல்ட்டைப் போட்டுவிடுங்கள். அழுதால் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

புது வண்டி, ஆறு ஏர்பேக் இருக்கிறது. பெல்ட்டும் வேண்டுமா?

ஏர்பேக் மெத்தை மாதிரி மெதுவாக ஊதிக்கொண்டு வருவதில்லை. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வெடித்து விரியும். பெல்ட் போட்டவர் அது முழுக்க விரிந்தபின் அதில் சாய்கிறார். போடாதவர் அது விரிந்துகொண்டிருக்கும்போதே முகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பெல்ட் இருக்கிறது என்று நம்பித்தான் ஏர்பேக்கையே வடிவமைக்கிறார்கள். சில வண்டிகளில் பெல்ட் மாட்டியிருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து ஏர்பேக் எப்போது, எப்படி விரிய வேண்டும் என்பதையே மாற்றிக்கொள்கிறது.

வண்டி தீப்பிடித்தால், ஆற்றில் விழுந்தால், பெல்ட்டில் மாட்டிக்கொண்டு சாக வேண்டியதுதானே?

நியாயமான பயம். எங்கள் பகுதியில் டேங்கர் ஓட்டுபவர்கள் நிறைய. தீ என்றால் அவர்களுக்கு வெறும் பேச்சு இல்லை.

ஆனால் வரிசையைப் பாருங்கள். வண்டி முதலில் எதிலோ மோதுகிறது, அல்லது உருள்கிறது. அதற்குப் பிறகுதான் தீயோ தண்ணீரோ. மோதலில் தலை அடிபட்டு மயங்கிக் கிடப்பவரால் கதவைத் திறக்க முடியாது. நினைவோடு இருப்பவருக்குப் பெல்ட்டைக் கழற்ற ஒரு விரலும் ஒரு நொடியும் போதும். தவிர, தீயிலும் தண்ணீரிலும் முடியும் விபத்துகள் மொத்தத்தில் மிகக் கொஞ்சம். செய்தியில் பெரிதாக வருவதால் நிறைய நடப்பதுபோலத் தோன்றுகிறது.

பயம் போகவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். நிற்கும் வண்டியில், கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து இறங்கிப் பழகுங்கள். வகுப்பில் போட்டியாகவே வைப்போம். பெல்ட்டைக் கழற்றுவதில் யாருக்கும் சிரமமில்லை. எல்லாரும் தடுமாறுவது கதவுக் கைப்பிடியைத் தேடுவதில்தான்.

தொப்பூரில் பிரேக் போய்விட்டால் குதிக்க வேண்டாமா? பெல்ட் போட்டால் எப்படிக் குதிப்பது?

தருமபுரி, சேலத்துக்கு நடுவிலுள்ள அந்தக் கணவாயில் லோடு வண்டி இறக்கிய ஒவ்வொருவருக்கும் இந்த நினைப்பு ஒருமுறையாவது வந்திருக்கும். ‘குதித்துத் தப்பித்த டிரைவர்’ கதை எல்லா டீக்கடையிலும் உண்டு. குதித்துச் செத்தவர் வந்து கதை சொல்ல மாட்டார், அதனால் நமக்கு ஒரு பக்கக் கதைதான் கிடைக்கிறது.

பிரேக் பிடிக்காமல் 60-இல் ஓடும் லாரியின் கேபினிலிருந்து குதிப்பவர் 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் தார்ச்சாலையைத் தொடுவார். அதுவும் தன் வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பின்னால் வரும் வண்டிக்கு முன்னால். இன்னொன்று, நீங்கள் குதித்தபின் இருபது டன் வண்டி யார்மீதோ போகும்.

சீட்டிலேயே இருந்தால் செய்வதற்கு ஏதாவது மிச்சமிருக்கும். கியரைக் குறைக்கலாம், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் போடலாம், மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தப் பார்க்கலாம். வண்டி குலுங்கும்போது சீட்டில் நிலையாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். பெல்ட் இல்லாதவர் முதல் குலுக்கலிலேயே ஸ்டியரிங்கை விட்டுக் கிளீனர் பக்கம் போய் விழுவார். உண்மையில் தொப்பூருக்கான பதில் பெல்ட்டில் இல்லை. மேலே நிறுத்தி பிரேக்கைப் பார்த்துவிட்டு, ஏறின கியரிலேயே இறங்குவதில் இருக்கிறது. நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவருக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

லாரி பெரிய வண்டி. மோதினால் கார்தானே நசுங்கும்?

கார் மோதினால் சரி. லாரி ஓட்டுநர்கள் பெரும்பாலும் சாவது காரோடு மோதி இல்லை. விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு, லைட் எரியாமல் ஓரத்தில் நிற்கும் இன்னொரு லாரியின் பின்புறத்தில் மோதி. அல்லது கவிழ்ந்து.

முன்பக்கம் தட்டையான நம் லாரிகளில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் இன்ஜின் கூட இல்லை, ஒரு தகடுதான். கவிழும்போது நடப்பது இன்னும் மோசம். கதவு திறந்துகொள்ளும், அல்லது கண்ணாடி விட்டுப் போகும். பெல்ட் போடாதவர் பாதி வெளியே வந்துவிடுவார், அவர்மேலேயே கேபின் விழும். கவிழ்ந்த லாரியில் ஓட்டுநரின் இடம் பல நேரம் முழுசாக இருக்கும், ஆனால் ஓட்டுநர் அங்கே இருக்க மாட்டார். இந்த மாதிரி ஒரு கேபினைக் கிரேன் தூக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த சாமி படத்தின் கண்ணாடிகூட உடையவில்லை. பெல்ட் அதன் ரீலில் சுருண்டபடியே இருந்தது.

பழைய வண்டிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. கம்பெனியிலிருந்து சேசிஸாக, அதாவது கேபின் இல்லாத வெறும் அடிச்சட்டமாக வாங்கி, கேபினை இங்கேயே மரமும் தகடும் வைத்துக் கட்டிய வண்டிகள். அவற்றில் பெல்ட் இருந்தாலும் அது எதில் முடுக்கியிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வெறும் தகட்டில் முடுக்கியிருந்தால் இழுப்பைத் தாங்காது. பாடி கட்டும் பட்டறையில் சொல்லிக் கெட்டியான ஃபிரேமில் மாற்றச் சொல்லுங்கள்.

வெயிலில் கேபின் கொதிக்கிறது. பெல்ட் போட்டால் வேர்வை ஊறிப் புண்ணாகிறது. நீங்கள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். சித்திரை மாதம் மதியம், கீழே இன்ஜின் சூடு, மேலே கூரைத் தகடு. பனியனும் லுங்கியுமாக ஓட்டுபவருக்கு வெறும் தோளில் அந்தப் பட்டை உரசுவது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல. ‘பாதுகாப்பு முக்கியம் தம்பி’ என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். லாரி ஓட்டுநர்கள் பெல்ட்டை வெறுப்பதற்கு அலட்சியம் மட்டும் காரணமில்லை. பாதிக்குமேல் இந்தச் சூடுதான் என்பது என் கணிப்பு.

அரசாங்கமும் இதைத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. 2025-ஆம் ஆண்டிலிருந்து தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் ஏசி கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. டீசல் செலவாகும் என்று ஏசியைப் போடவிடாத முதலாளிகளும் இருப்பார்கள், அது வேறு கதை. பழைய வண்டிக்காரர்களுக்கு என்ன வழி? முழுக்கை வேண்டாம், அரைக்கைப் பருத்திச் சட்டை ஒன்று போதும். தோளில் உரசும் இடத்தில் மெல்லிய துண்டை ஒரே மடிப்பாகப் போட்டுக்கொள்ளலாம். தலையணை, ஸ்பான்ஜ், நாலாக மடித்த துண்டு கூடாது. அது பெல்ட்டைத் தளர்த்திவிடும். பட்டையை மார்பிலிருந்து தள்ளி நிற்கவைக்கத் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தளர்ந்த பெல்ட் முதலில் உங்களை ஓடவிட்டு, அப்புறம்தான் பிடிக்கும்.

கழுத்தை அறுக்கிற மாதிரி வருகிறதே?

அப்படியென்றால் உயரம் சரியில்லை. கதவுத்தூணில் பெல்ட் தொங்கும் கொக்கியைப் பல வண்டிகளில் மேலும் கீழும் நகர்த்தலாம். வாங்கி ஐந்து வருடமானவர்களுக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை. ஒரு பொத்தானை அழுத்திக் கீழே இறக்கினால் பட்டை கழுத்தை விட்டுத் தோளின் நடுவுக்கு வந்துவிடும். சீட்டை ஏற்றினாலும் சரியாகும்.

லாரியில் இன்னொரு காரணம்: சீட் ஸ்பிரிங்கில் குதிக்கிறது, பெல்ட்டின் மேல்முனையோ தூணில் அசையாமல் இருக்கிறது. குழிக்குக் குழி பட்டை தோளில் மேலும் கீழும் ரம்பம் போடும். பெல்ட் சீட்டோடு சேர்ந்தே மேலும் கீழும் போகும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. முதலாளி அடுத்த வண்டி எடுக்கும்போது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கழுத்தில் உரசுகிறது என்று பட்டையை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வது மட்டும் வேண்டாம். மோதலில் அது கீழ் விலா எலும்புகளை உடைத்துக் கல்லீரலில் குத்தவைக்கும்.

தொந்தி இருக்கிறது. கர்ப்பிணிகள்?

இரண்டுக்கும் ஒரே பதில். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படியவேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவே. கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் ஓடவே கூடாது. நம் ஊர்க் காவலர்கள் பார்ப்பது மேல்பட்டையைத்தான் என்பதால் கீழ்ப்பட்டையை யாரும் கவனிப்பதில்லை.

டாக்ஸி ஓட்டுகிறேன். பின்சீட்டில் ஏறுபவர்கள் போடச் சொன்னால் முறைக்கிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் அவர்களால் போடவே முடியாது என்பதை முதலில் பாருங்கள். புது வண்டி எடுத்த மறுநாள் சீட் கவர் கடைக்கு ஓட்டிப்போகிறோம். கடைக்காரர் ரெக்ஸினை இழுத்துப் பிடித்துத் தைக்கும்போது பின்சீட்டுப் பக்கிள்கள் மூன்றும் அடியில் போய்விடுகின்றன. என் வண்டிக்கே அப்படி நடந்தது. இரண்டு வருடம் கழித்து என் மகள், “அப்பா, மாட்டுற இடம் எங்கே?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. கவரைக் கத்தரித்து வெளியே எடுத்தபோது பக்கிளுக்குள் முறுக்குத்தூள்.

ஊருக்கே வகுப்பு எடுப்பவன் வண்டி அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்சீட் பத்திரமான இடம் என்ற நம்பிக்கை 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி நாடு முழுக்க ஆட்டம் கண்டது. டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தின் தடுப்புச் சுவரில் கார் மோதி இறந்தார். விலையுயர்ந்த மெர்சிடஸ் கார். முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் இறந்தார்கள். அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் மோதலில் அப்படியே முன்சீட்டின்மேல் வந்து விழுவார். முன்னால் நீங்கள் பெல்ட்டோடு இருந்தாலும் நடுவில் நசுங்குவீர்கள். 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்நாட்டு விபத்துக் கணக்குகளை அலசிப் பார்த்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாதவர் இருந்தால், முன்சீட்டில் பெல்ட் போட்டவர் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று தெரிந்தது. ஆகவே பயணியிடம் ‘உங்கள் பாதுகாப்புக்கு’ என்று சொல்லாதீர்கள், யாரும் கேட்பதில்லை. ‘நீங்கள் போடாவிட்டால் என் முதுகு போகும் சார்’ என்று சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று டிரைவர்கள் இப்படிச் சொல்லித்தான் காரியத்தைச் சாதிக்கிறார்கள். வயதானவர் என்றால் பட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். தேடித் தடவுவதில்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

பெல்ட் போடாவிட்டால் ‘டிங் டிங்’ என்று கத்துகிறதே, அதற்கு ஒரு கிளிப் கிடைக்கிறது. மாட்டலாமா?

அந்தச் சத்தம் உங்களைத் தொல்லைப்படுத்துவதற்காகவே வைத்தது. வெறும் நாக்கை மட்டும் பக்கிளில் செருகி வண்டியை ஏமாற்றும் அந்த இரும்புத்துண்டு கார் கம்பெனிச் சின்னம் பொறித்து, பாட்டில் திறப்பானோடு சேர்த்துக்கூட விற்பனைக்கு வந்தது. பெரிய மனிதர்களின் வண்டிகளிலும் இருந்தது. நான்கு மாநில முதலமைச்சர்களின் கார்களில் இதைப் பார்த்ததாக மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே 2022-இல் மேடையில் சொன்னார். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு இந்தக் கிளிப்புகளை நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. தெருவோரக் கடையில் இன்னும் கிடைக்கலாம். பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டுபவர்களும் இதே வகைதான். அதற்கு ஆகும் நேரத்தில் முன்பக்கமாகவே மாட்டிவிடலாம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒழுக்கம் அதிகம். நம் ஆட்களுக்கு இதெல்லாம் வராது, இல்லையா?

இதைச் சொல்பவர்கள் ஒரு பெருமூச்சோடு சொல்வார்கள், அதோடு தங்களுக்கு விடுதலை கிடைத்துவிட்டதுபோல. வெளிநாட்டுக்காரர்களும் இதேபோல் முரண்டு பிடித்தவர்கள்தான்.

இன்று நாம் போடும் மும்முனைப் பெல்ட்டை வடிவமைத்தவர் சுவீடனின் நீல்ஸ் போலின். அதற்கு முன் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். வால்வோ நிறுவனத்துக்கு வந்தபின், ஒரே கையால் இழுத்து மாட்டும்படி 1959-இல் இதைக் கொண்டுவந்தார். காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. பெல்ட் காரில் வந்துவிட்டது, ஜனங்கள் போடவில்லை. 1974 மாடல் கார்களில், பெல்ட் மாட்டினால்தான் இன்ஜின் கிளம்பும் என்று அமெரிக்காவில் வைத்துப் பார்த்தார்கள். சீட்டில் வைத்த மளிகைப் பையையும் ஆள் என்று நினைத்துக்கொண்டு கார் கிளம்ப மறுத்தது. ஒரே ரகளை. அந்த ஆண்டே நாடாளுமன்றம் கூடி அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது.

பெல்ட் அணிவதையே முதன்முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970-இல். பிரிட்டனில் பல ஆண்டுகள் சண்டை: தனிமனித உரிமை, அரசாங்கம் எப்படி என் காருக்குள் வரலாம் என்று. 1983 ஜனவரி 31 அன்று முன்சீட்டுக்குக் கட்டாயமானது. அதற்குமுன் பத்தில் நாலு பேர் போட்டுக்கொண்டிருந்த ஊரில் சில வாரங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் போட ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் ஒழுக்கம் வந்துவிடுமா என்ன? பிடிப்பார்கள் என்ற எண்ணம் வந்தது, அப்புறம் கை பழகிவிட்டது. 2023-இல் பிரதமர் ரிஷி சுனக் ஓடும் காரின் பின்சீட்டில் பெல்ட் இல்லாமல் வீடியோ எடுத்துப் போட்டார். போலீஸ் அவருக்கே அபராதம் போட்டது. நம் ஊரில் இதை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

இங்கே அபராதம் எவ்வளவு? யாருக்கெல்லாம் பொருந்தும்?

1,000 ரூபாய். முன்பு நூறு ரூபாயாக இருந்தது. 2019 சட்டத்திருத்தத்தில் உயர்ந்தது, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுபவர், முன்சீட்டில் இருப்பவர், பின்சீட்டில் முன்னோக்கி உட்காருபவர் எல்லாருக்கும் பொருந்தும். லாரிக்கும் உண்டு.

பெல்ட் போட்டால் தைரியம் வந்து இன்னும் வேகமாக ஓட்டுவோம் என்கிறார்களே?

1975-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் இதைத்தான் சொன்னார்: வண்டி பத்திரமானால் ஓட்டுபவர் அந்தப் பத்திரத்தை வேகத்தில் செலவழித்துவிடுவார் என்று. பெரிய விவாதம் ஆனது. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பெல்ட் கட்டாயமான நாடுகளில் காருக்குள் இருந்தவர்களின் சாவு குறைந்தது, அந்த லாபம் முழுக்க வேகத்தில் கரைந்துபோகவில்லை. முன்சீட்டில் இருப்பவர் சாகும் ஆபத்தைப் பெல்ட் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. 120-இல் போகிறவருக்குப் பெல்ட் பெரிய துணை இல்லை.

நம் நாட்டில் 2022-இல் பெல்ட் போடாமல் விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் 8,384 பேர் ஓட்டுநர்கள், கிட்டத்தட்ட சரிபாதி. போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. பல ஆயிரம் பேர் பிழைத்திருப்பார்கள்.

நான் பெல்ட் போட்டால் கூட இருப்பவர்கள், ‘என்னடா, புதுசா ஓட்டுறியா?’ என்று கிண்டல் செய்கிறார்கள்.

செய்வார்கள். இருபது வருடம் ஓட்டிய கை என்பது ஒரு மரியாதை, பெல்ட் போட்டால் அது குறைகிற மாதிரி ஒரு நினைப்பு. உங்கள் கை நல்ல கைதான். எதிரே தூங்கிக்கொண்டு வருபவனுக்கு அது தெரியாதே. லாரி செட்டில் மூத்தவர் ஒருவர் போட ஆரம்பித்தால் மற்றவர்கள் வாய் மூடிவிடும் என்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள்தான் மூத்தவர் என்றால், சரி, உங்களிடமிருந்தே ஆரம்பிக்கட்டும்.

அவசரத்துக்கு இழுத்தால் பெல்ட் வராமல் நின்றுவிடுகிறது. ரிப்பேரா?

வெடுக்கென்று இழுத்தால் நிற்க வேண்டும், அதுதான் அதன் வேலை. வண்டி சரிவில் நிற்கும்போதும் பூட்டிக்கொள்ளும். உள்ளே சாய்வைப் பார்க்க ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. கொஞ்சம் உள்ளே விட்டு மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தும் நிற்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். பட்டை ஓரம் பிசிறு விட்டிருந்தாலும், ஒருமுறை பெரிய விபத்தைத் தாங்கியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் இழை நீண்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் கழற்றி விற்கும் பெல்ட் வேண்டாம், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் லாரிப் பெல்ட் ஒரே அழுக்கு. போட்டால் சட்டையில் கறுப்பாகக் கோடு விழுகிறது.

போடாமலே தொங்கும் பெல்ட்டில்தான் அவ்வளவு தூசி சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கும்போது பட்டையை முழுக்க வெளியே இழுத்து, திரும்ப ஓடாதபடி ரீல் வாயருகே ஒரு கிளிப் மாட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரணச் சோப்பு. பிரஷால் நீளவாக்கில் தேயுங்கள், குறுக்கே தேய்த்தால் இழை கிளம்பும். ப்ளீச்சிங் பவுடர், ஆசிட், பெட்ரோல் எதுவும் வேண்டாம். ரீலுக்குள் தண்ணீர் போகவிடாதீர்கள். ஈரத்துணியால் சோப்பை இரண்டு மூன்று முறை துடைத்தெடுத்து, கதவைத் திறந்துவைத்து நிழலில் காயவிடுங்கள். முழுக்கக் காய ஒரு நாள் ஆகும். அதற்குள் கிளிப்பை எடுத்தால் ரீலுக்குள் பூஞ்சை பிடித்து நாறும். முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வரும், பயப்பட வேண்டாம்.